கயிறு காதர் கையில்

எங்கள் மட்டாஞ்சேரித் தமிழ்க் கோயில்காரர்களுக்கு ஆகஸ்ட் பதினைந்து இரட்டைத் திருநாள். முதலில் மாதாவின் விண்ணேற்புப் பூசை. பூசை முடிந்து வெளியே வந்தால் முற்றத்தில் தேசியக் கொடி. ஒரே நல்ல உடுப்பில் இரண்டையும் முடித்துவிட்டு, சாயாவும் பழம்பொரியும் சாப்பிட்டு வீட்டுக்குப் போவோம். மாதா விண்ணுக்குப் போன திருநாளும் நாடு விடுதலை பெற்ற நாளும் ஒன்றாக வருவதில் எங்களுக்கு ஒரு தனிப் பெருமை உண்டு. ஏதோ நாங்கள்தான் தேதி குறித்துக் கொடுத்ததுபோல.

இந்த வருடம் இளைஞர் குழுச் செயலாளர் ஜெனி வீட்டுக்கு வந்தாள். "அங்கிள், இந்தத் தடவ கொடியேத்திட்டு நீங்கதான் பேசணும். சுதந்திரமும் தெய்வாசிரயமும், இதான் டாபிக். அஞ்சு மினிட் மதி, அதுவே போதும்" என்றாள். நாடு யாரையும் சாராமல் நிற்பதையும் மனிதன் கடவுளைச் சார்ந்து நிற்பதையும் ஐந்து நிமிடத்தில் சொல்ல வேண்டுமாம். சாமியார்களே அரை மணி நேரம் எடுத்துக்கொள்கிற விஷயம். இருந்தாலும் சரி என்றேன், ஏனென்றால் இதைப் பற்றி எனக்குத் தெரிந்தது ஒன்றே ஒன்றுதான், அது ஒரு ஆகஸ்ட் பதினைந்தாம் தேதி நடந்தது.

அதற்குள் எர்ணாகுளத்து டாக்டர் என் நெஞ்சைப் படம்பிடித்துப் பார்த்துவிட்டு, பதினான்காம் தேதி ஆபரேஷன் என்று சொல்லிவிட்டார். நீங்கள் கொடியேற்றும் நேரத்தில் நான் கருவியின் தயவில் மூச்சுவிட்டுக்கொண்டு கிடப்பேன். ஆகவே எழுதிக் கொடுத்துவிடுகிறேன். ஜெனி வாசிக்க வேண்டாம். அவளுக்கு மலையாளம் ஓடும், தமிழ் எழுத்துக்கூட்டித்தான் நகரும். அவள் அம்மா வாசிக்கட்டும்.

நான் துறைமுகத்தில் டைவராக இருந்தவன். கப்பலின் அடிப்பக்கம் பார்ப்பது, புரொப்பல்லரில் சுற்றிய கயிற்றை அறுப்பது, விழுந்த நங்கூரத்தைத் தேடுவது, இவைதான் வேலை. இப்போது அந்த வேலையில் பாதியைக் கேமரா வைத்த சின்ன இயந்திரம் செய்கிறது என்று அங்கே வேலை பார்க்கும் பையன்கள் சொல்கிறார்கள். நல்லதுதான். அதற்கு மூச்சு வேண்டாம், பயம் கிடையாது, வீட்டில் காத்திருக்கப் பெண்டாட்டி கிடையாது.

என் அப்பா தூத்துக்குடியில் சங்கு குளித்தவர். அந்தக் கடற்கரையில் ஒரு வழக்கம் உண்டு. குளிப்பவன் இடுப்புக் கயிற்றைத் தோணியில் இருந்து பிடிப்பவன் அவனுடைய மச்சானாக இருக்க வேண்டும், மனைவியின் கூடப்பிறந்தவனாக. தம்பி பிடித்தால் சொத்து ஞாபகம் வரலாம், நண்பன் பிடித்தால் பராக்குப் பார்க்கலாம். மச்சான் மட்டும் கயிற்றை விட மாட்டான். விட்டால் தாலியறுப்பது அவன் தங்கை. அன்பை மட்டும் நம்பாமல் அதற்கு ஒரு முடிச்சும் போட்டுவைத்த ஆட்கள் எங்கள் ஆட்கள்.

கொச்சியில் எனக்கு வேலை கிடைத்தபோது கயிறு பிடிக்க மச்சான் இல்லை. கல்யாணமே ஆகவில்லை. எனக்கென்று ஒதுக்கப்பட்டவன் காதர். மட்டாஞ்சேரியில் தலைமுறையாக இருக்கும் தமிழ் பேசும் முஸ்லிம் குடும்பம், அப்பாவுக்கு மிளகு, சுக்கு வியாபாரம். காதருக்குக் கடையில் உட்கார்ந்தால் தும்மல் வரும்; தண்ணீர்ப் பக்கம் ஓடி வந்துவிட்டான். முதல் நாளே அவனிடம் எங்கள் ஊர் வழக்கத்தைச் சொன்னேன். அவன் யோசித்துவிட்டு, "அப்ப இன்னையிலேர்ந்து நான் ஒனக்கு மச்சான். தங்கச்சிய மட்டும் கேக்காத" என்றான். எனக்குக் கல்யாணம் ஆனபோது என் மனைவியின் கையில் ஒரு சேலையைக் கொடுத்து, "இனிமே நான் ஒனக்கு அண்ணன், கணக்கு சரியாப் போச்சு" என்று சொல்லிவிட்டுப் போனான்.

பயிற்சிக் காலத்தைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. காது வலித்தது, மூக்கில் ரத்தம் வந்தது, பிறகு பழகியது. உண்மையான பயிற்சி எங்கள் தலைவர் குரியன் சாரிடம்தான்.

குரியன் சார் கடற்படையில் இருந்து வந்தவர். மலையாளி, பக்திமான், ஆனால் வேலை நேரத்தில் கடவுள் பெயரை அவர் வாயில் கேட்க முடியாது. அதிகம் பேசவே மாட்டார். எங்கேயோ வானொலியில் தேசிய கீதம் கேட்டால் போதும், கையில் இருக்கும் சாயாவைத் தரையில் வைத்துவிட்டு விறைத்து நிற்பார். மழை, வெயில், கப்பலின் சங்கு எதுவும் அவரை அசைக்காது. நாங்கள் பின்னால் நின்று சிரிப்போம். சிரித்துக்கொண்டே நாங்களும் நிற்போம்.

ஒருவன் தண்ணீரில் இறங்குவதற்கு முன் அவர் செய்யும் காரியங்களுக்கு ஒரு ஒழுங்கு உண்டு, ஒருநாளும் மாறாது. முதலில் டைவர் கீழே இருக்கிறான் என்பதற்கான நீலமும் வெள்ளையுமான கொடி எங்கள் படகில் ஏறும். அடுத்து, நாங்கள் வேலை செய்யப் போகும் படகின் எஞ்சின் சாவியை வாங்கி, கயிறு பிடிப்பவனின் கழுத்தில் மாட்டுவார். அந்தச் சாவி இல்லாமல் மேலே யாரும் புரொப்பல்லரைச் சுழற்ற முடியாது. பிறகு கம்ப்ரசர் ஓடும். அதிலிருந்து ஹோஸ் வழியாக முகமூடிக்குக் காற்று வரும். அந்த முகமூடியை முதலில் குரியன் சார் தன் முகத்தில் வைத்துக்கொள்வார். கண்ணை மூடி, நிதானமாக, மூச்சு இழுத்து இழுத்து விடுவார். எண்ணெய் நாற்றம் இருக்கிறதா, ஈரம் இருக்கிறதா என்று பார்ப்பாராம். எங்களுக்கு என்னவோ அவர் ஜெபம் செய்வதுபோலத்தான் இருக்கும். பிறகு முகமூடியைத் துடைத்து நம்மிடம் தருவார்.

கடைசியாக ஒரு கேள்வி. "ஆருடெ கையிலாணு லூர்தே?"

லூர்து நான்தான். யாருடைய கையில் இருக்கிறாய் என்று கேட்கிறார். கயிறு பிடிப்பவனின் முகத்தைப் பார்த்து, அவன் பெயரைச் சொல்லிப் பதில் சொல்ல வேண்டும். "காதருடெ கையில் சார்." தரையைப் பார்த்துச் சொன்னால் மறுபடி கேட்பார். முந்தின நாள் காதருடன் சண்டை போட்டிருந்தாலும் அவன் முகத்தைப் பார்த்துத்தான் சொல்ல வேண்டும். சண்டையோடு யாரும் தண்ணீருக்குள் போக முடியாது. இதைச் சொல்லும்போது ஒவ்வொரு தடவையும் எனக்கு வருவது சிரிப்பா பயமா என்று அந்த வயதில் தெரியவில்லை.

கீழே போனபிறகு பேச்செல்லாம் கயிற்றில்தான். அந்தக் காலத்தில் எங்கள் முகமூடியில் பேசும் கருவி கிடையாது. மேலேயிருந்து ஒருமுறை இழுத்தால், நலமா என்று அர்த்தம். திரும்ப ஒருமுறை இழுத்தால், நலம். வேறு இழுப்புகளும் உண்டு, ஆனால் எங்களுக்குள் அதிகம் போய்வந்தது இந்த ஒரு இழுப்புதான். புருஷன் பெண்டாட்டிகூட இத்தனை தடவை ஒருவரை ஒருவர் நலம் விசாரித்திருக்க மாட்டார்கள்.

அந்த ஆகஸ்ட் பதினைந்தாம் தேதி விடியற்காலைப் பூசைக்குப் போய் நற்கருணை வாங்கிவிட்டு, கொடியேற்றத்துக்கு நிற்காமல் வேலைக்கு ஓடினேன். பெரிய கப்பல்களை இழுத்து வரும் டக் படகு ஒன்றின் புரொப்பல்லரில் நைலான் வடம் சுற்றிக்கொண்டது. வெளியே ஒரு எண்ணெய்க் கப்பல் நீரேற்றத்துக்காகக் காத்துக்கொண்டிருந்தது. அது உள்ளே வர இந்த டக் வேண்டும். நாட்டுக்கு விடுமுறை, கடலுக்கு இல்லை.

அடுத்த ஜெட்டியில், அதாவது படகுத்துறையில், பந்தல் போட்டு, நாற்காலி அடுக்கி, கொடிக்கம்பத்துக்கு வெள்ளையடித்துக் கொடியேற்றத்துக்கு ஏற்பாடு நடந்துகொண்டிருந்தது. இந்தப் பக்கம் எங்கள் படகு. சாவி காதரின் கழுத்தில். குரியன் சார் முதல் மூச்சை எடுத்துப் பார்த்தார். கேள்வி கேட்டார். நான் காதரைப் பார்த்துப் பதில் சொல்லி இறங்கினேன்.

ஆகஸ்டில் கொச்சித் தண்ணீரைப் பார்த்திருப்பீர்கள். மழைவெள்ளம் கலங்கிச் சாயா நிறத்தில் ஓடும், மேலே குளவாழைச் செடி மிதக்கும். ஒரு ஆள் ஆழத்துக்குக் கீழே போனால் சாயா கருப்பாகிவிடும். கண்ணைத் திறந்தாலும் மூடினாலும் ஒன்று. கைதான் கண். தடவித் தடவி புரொப்பல்லரைக் கண்டுபிடித்தேன். வடம் சூட்டில் உருகி, இறுகி, கல்லாகிப் போயிருந்தது. ஹேக்சாவால் அறுக்க ஆரம்பித்தேன். நடுவில் காதர் ஒருமுறை இழுப்பான், நான் ஒருமுறை இழுப்பேன். வேலை நன்றாகத்தான் போனது.

கடைசிச் சுற்று அறுந்ததும் முழுச் சுருளும் மொத்தமாகச் சரிந்தது. எடை என் தோளில் விழுந்து என்னைச் சுக்கானோடு சேர்த்து அழுத்தியது. என் முதுகில் கட்டியிருந்த கயிறு அந்தச் சுருளுக்கும் புரொப்பல்லருக்கும் இடையே மாட்டிக்கொண்டது. ஒரு கையை அசைக்க முடிந்தது. அந்தக் கையால் கயிற்றை இழுத்தேன். கல்லில் கட்டிய கயிற்றை இழுப்பதுபோல இருந்தது. நான் இழுப்பது மேலே போகாது, காதர் இழுப்பது கீழே வராது என்று புரிந்தது.

கத்தி இடுப்பில் இருந்தது. ஆனால் கயிறு மாட்டிய இடம் முதுகுக்குப் பின்னால், கை எட்டாது. எட்டினாலும் அறுக்கக் கூடாது. மேலே போகும் கயிற்றை அறுத்தவன் விடுதலையாகிவிட்டோம் என்று நினைப்பான். அந்த இருட்டில் மேல் எது கீழ் எது என்று தெரியாமல் படகின் அடியில் முட்டிக்கொண்டே கிடப்பான். அசையாமல் இரு, மூச்சு விடு, ஹோஸைப் பிடித்துக்கொண்டு ஒருவன் வருவான். குரியன் சாரின் விதி அவ்வளவுதான். நான் அசையாமல் இருந்தேன். ஹோஸ் வழியாகக் கம்ப்ரசரின் முனகல் கேட்டுக்கொண்டிருந்தது.

திடீரென்று அந்த முனகல் நின்றது.

மேலே நடந்தது எனக்குப் பிறகுதான் தெரியும். காதர் இழுத்துப் பார்த்து, பதில் வராததால் உடனே குரலெழுப்பியிருக்கிறான். குரியன் சார் இரண்டாவது டைவர் பாபுவுக்கு வாரெல்லாம் இறுக்கி அவனைத் தயாராக்கிக்கொண்டிருந்தார். அந்த நேரம் பார்த்து அடுத்த ஜெட்டியில் இருந்து ஒரு பியூன் ஓடி வந்து கம்ப்ரசர் பார்க்கும் சுகுமாரனிடம், "சேட்டா, கொடி ஏற்றான் போகுந்நு. ஆ மெஷின் ஒந்நு ஓஃப் ஆக்கிக்கே. மேலேந்நு பறஞ்ஞதா" என்றிருக்கிறான். கொடி ஏற்றப் போகிறார்கள், அந்த மெஷினைக் கொஞ்சம் அணை, மேலிடத்து உத்தரவு என்று. சுகுமாரன் தயங்கி நிற்கும்போதே தேசிய கீதம் தொடங்கிவிட்டது. அவன் கை தானாகப் போய் அணைத்துவிட்டது. சின்ன வயதில் இருந்து பழகிய கை. கீதம் கேட்டால் சத்தத்தை நிறுத்து, நேராக நில். அணைத்துவிட்டு நெஞ்சை நிமிர்த்தி நின்றான். கம்ப்ரசர் தொட்டியில் மிச்சக் காற்று இருக்கிறது, கொஞ்ச நேரம் தாங்கும் என்று நினைத்தானாம். அந்தத் தொட்டி எனக்கு மட்டும் இல்லை, இறங்கப் போகும் பாபுவுக்கும் சேர்த்து என்பது அவனுக்கு அப்போது தோன்றவில்லை.

கீழே நான். கயிறு பேசவில்லை. இயந்திரம் பேசவில்லை. சுற்றிலும் இறால்கள் விரல் சொடுக்குவதுபோலச் சத்தம் எழுப்பின. இவை நான் வருவதற்கு முன்பும் சொடுக்கின, நான் போன பிறகும் சொடுக்கும் என்று நினைத்தேன். மாதாவே என்றேன். வேறு ஜெபம் ஒன்றும் வரவில்லை. இத்தனை வருடம் மனப்பாடம் செய்ததெல்லாம் எங்கே போனதோ.

அப்போதுதான் கவனித்தேன். மூச்சு வந்துகொண்டிருந்தது.

மெலிந்து போயிருந்தது. உறிஞ்சித்தான் எடுக்க வேண்டியிருந்தது. ஆனால் ஒவ்வொன்றும் வந்தது. நான் கேட்டதற்குப் பதில் இல்லை, யாரும் இருக்கிறார்கள் என்பதற்கு அடையாளம் இல்லை, மூச்சு மட்டும் வந்தது. பிறந்ததில் இருந்து இதை நானே விடுகிறேன் என்று நினைத்திருந்தேன். இது எனக்குத் தரப்படுகிறது, ஒவ்வொன்றாகத் தரப்படுகிறது என்று அன்றுதான் தெரிந்தது. என் தொழிலில் இது எல்லோருக்கும் தெரிந்த விஷயம்தானே, ஹோஸில் காற்று வருகிறது என்பது. தெரிந்ததுதான். ஆனால் அந்த இருட்டில் எனக்கு உடம்பெல்லாம் சிலிர்த்தது. பயம் போய்விட்டது என்று பொய் சொல்ல மாட்டேன். பயத்தைவிடப் பெரிய ஒன்று பக்கத்தில் வந்து நின்றது. எரியும் முட்செடியில் கடவுளைக் கண்ட மோசே செருப்பைக் கழற்றியது ஏன் என்று எனக்குப் புரிந்தது. நான் கழற்றச் செருப்புகூட இல்லாமல் கிடந்தேன்.

மேலே, கம்ப்ரசர் நின்ற அமைதியில் குரியன் சார் திரும்பிப் பார்த்தார். கீதம் பாதியில் ஓடிக்கொண்டிருந்தது. அத்தனை பேரும் சிலையாக நின்றார்கள். கீதம் ஒலித்தால் எதற்கும் அசையாத அந்த மனிதர் எழுந்தார், கீதத்தின் நடுவே படகின் ஒரு முனையில் இருந்து மறு முனைக்கு நடந்தார், குனிந்து கம்ப்ரசரைக் கிளப்பினார். கொடியின் முன்னால் அது டப டபவென்று அலறியது. சுகுமாரன் முகம் வெளுத்துப்போனது. பாபு தண்ணீரில் குதித்தான். காதர் மட்டும் முதலில் இருந்தே உட்கார்ந்திருந்தான். இரண்டு காலையும் படகின் விளிம்பில் ஊன்றி, கயிற்றை நெஞ்சோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டு, கண்ணை மூடி உட்கார்ந்திருந்தான்.

கீதம் முடிந்ததும் ஒரு மேலதிகாரி கோபமாக எங்கள் ஜெட்டிக்கு வந்தார். முதலில் காதரைப் பார்த்துத்தான் கேட்டாராம், "எந்தாடோ, தேசிய கீதத்தினு எழுந்நேற்கான் வய்யே?" எழுந்து நிற்க முடியாதா என்று. அவன் பெயரைக் கேட்டதும் குரல் இன்னும் உயர்ந்ததாம். காதர் கண்ணைத் திறக்கவில்லை. குரியன் சார்தான் பக்கத்தில் வந்து மெதுவாகச் சொன்னார், "சாரே, தாழே ஒரு ஆளுண்டு. கயறு அனங்ஙுந்நில்ல." கீழே ஒரு ஆள் இருக்கிறான், கயிறு அசையவில்லை.

அந்த அதிகாரியைப் பற்றி நான் ஒரு குறையும் சொல்ல மாட்டேன். அவர் முகம் அப்படியே மாறிவிட்டதாம். நெஞ்சில் குத்தியிருந்த காகிதக் கொடியோடு ஈரத் தரையில் காதரின் பக்கத்தில் மண்டியிட்டு உட்கார்ந்தார். காதரின் விரல்களில் கயிறு பதிந்து ரத்தம் கட்டியிருப்பதைப் பார்த்தார். கொஞ்ச நேரம் நான் பிடிக்கட்டுமா என்று கேட்டார். பதற்றத்தில் காதருக்கு மலையாளம் மறந்துபோய்த் தமிழில் சொன்னான்.

"தர முடியாது சார். அவன் எம்பேரச் சொல்லிட்டு எறங்கியிருக்கான்."

பிறகு ஹோஸைப் பிடித்துக்கொண்டு பாபு வந்தான். இருட்டில் ஒரு கை என் தோளைத் தொட்டது. அவன் சுருளை நெம்பினான், நான் நழுவினேன், கயிறு விடுபட்டது. விடுபட்ட அந்தக் கணத்தில், நான் ஒன்றும் செய்யும் முன்பே, மேலேயிருந்து ஒரு இழுப்பு வந்தது. நலமா? செத்த கயிற்றை அவன் அதுவரை விடவே இல்லை. நான் ஒருமுறை இழுத்தேன். முகமூடிக்குள் அழுதேன்; துடைக்க வழியில்லை.

மேலே வந்தபோது காதரின் கைகள் திறக்கவில்லை. குரியன் சார் ஒவ்வொரு விரலாகப் பிரித்துவிட்டார். கம்ப்ரசர் ஓரத்தில் சுகுமாரன் குழந்தைபோல அழுதுகொண்டிருந்தான். சார் அவனைத் திட்டவில்லை. "நீ செய்ததும் பக்திதன்னெ" என்று மட்டும் சொன்னார். அதற்குப் பிறகு ஒவ்வொரு ஆகஸ்ட் பதினைந்துக்கும் குரியன் சார் எல்லோருக்கும் முன்னால் வந்துவிடுவார். ஆளில்லாத ஜெட்டியில் கொடிக்கம்பத்தின் எதிரே தனியாக நின்று கீதம் முழுவதையும் மெல்லிய குரலில் பாடுவார். அன்று கீதத்தின் நடுவே எழுந்து நடந்ததற்குப் பரிகாரம். இப்போது அவர் இல்லை, நல்ல மனிதர், கடவுள் மடியில் இருப்பார்.

ஜெனி கேட்ட விஷயத்துக்கு வருகிறேன். நம் நாட்டை ஒரு கயிறு கட்டிவைத்திருந்தது. அதை அறுத்தார்கள். அறுக்கத்தான் வேண்டும், அந்தக் கயிற்றின் மறுமுனையில் இருந்தவனுக்கு நாம் உயிரோடு இருக்கிறோமா என்ற கவலை இருந்ததில்லை. அவன் ஒருநாளும் ஒருமுறை இழுத்து நலமா என்று கேட்டதில்லை. அதற்காக எல்லாக் கயிற்றையும் அறுத்தவன்தான் சுதந்திரமானவன் என்று யாராவது சொன்னால், அவரை ஆகஸ்ட் மாதம் கொச்சித் தண்ணீரில் ஒருமுறை இறக்கிப் பார்க்க வேண்டும் என்று நினைத்துக்கொள்வேன். கொடி ஏறும்போது நான் நெஞ்சு நிமிர்த்தித்தான் நிற்பேன். ஆனால் உள்ளுக்குள் குரியன் சாரின் கேள்வி ஓடிக்கொண்டிருக்கும். இத்தனை கோடி பேர் யாருடைய கையில் இருக்கிறோம்? நம் ஆண்டவர் சிலுவையில் கடைசியாகச் சொன்னதும் அந்தக் கேள்விக்கான பதில்தானே. சுற்றிலும் இருட்டிக் கிடந்தபோதும், பதில் ஒன்றும் வராதபோதும், தகப்பனைக் கூப்பிட்டு உம்முடைய கையில் என்றுதானே சொன்னார். நான் கண்டதெல்லாம் இவ்வளவுதான்: கயிறு செத்துக்கிடக்கும் நேரத்திலும் மேலே பிடித்திருக்கிற கை விடுவதில்லை. அது எப்படி இருக்கும் என்று கடவுள் எனக்கு ஒரு முஸ்லிமின் கையை வைத்துக் காட்டினார்.

ஆகவே பதினைந்தாம் தேதி கீதம் பாடும்போது, எர்ணாகுளத்து ஆஸ்பத்திரியில் யாராவது என் மெஷினை மட்டும் அணைத்துவிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள். நெஞ்சை நிமிர்த்திப் பாடுங்கள், எனக்காகவும் சேர்த்து.

நேற்று ஆஸ்பத்திரிக்குப் போய் முன்பதிவு செய்தோம். என் மனைவி போய்ச் சேர்ந்து சில வருடங்கள் ஆகின்றன. மகள் மஸ்கட்டில் இருந்து வந்துசேர ஆபரேஷன் முடிந்துவிடும். காதர்தான் கூட வந்தான். முட்டிவலியோடு, கோலூன்றி, இரண்டு பஸ் மாறி. இங்கே கேரளத்தில் நோயாளியோடு தங்கும் ஆளை பைஸ்டாண்டர் என்பார்கள். அந்த ஆள் இல்லாமல் கட்டில் தர மாட்டார்கள். சின்ன வயது நர்ஸ் என்னைப் பார்த்துக் கேட்டாள்.

"அப்பச்சா, பைஸ்டாண்டர் ஆரா?"

பழைய பழக்கம். நான் அவளைப் பார்க்காமல் காதரின் முகத்தைப் பார்த்துச் சொன்னேன். "காதர்."

அவள் என் பெயரை ஒருமுறை பார்த்தாள், அவனை ஒருமுறை பார்த்தாள். "பந்தம் எந்தா?" என்றாள். என்ன உறவு என்று.

"மச்சான்" என்றான் காதர், நான் வாயைத் திறப்பதற்கு முன்பே.

அவள் சிரித்துவிட்டு உள்ளே போனாள். பெஞ்சில் பக்கத்துப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தோம். கொஞ்ச நேரம் கழித்து என் சட்டைக் கையை யாரோ பிடித்து ஒருமுறை இழுத்தது தெரிந்தது. நான் திரும்பிப் பார்க்கவில்லை. அவன் சட்டையின் ஓரத்தைத் தேடிப் பிடித்து, ஒருமுறை இழுத்தேன்.